மூன்றடித் தொட்டிக்கு எந்தக் கடல் மீன்?

கேள்வி: ஐயா, நான் திருச்சியில் இருக்கிறேன். பல வருடமாக நன்னீர் மீன் வளர்த்து வருகிறேன். கப்பி, ஏஞ்சல், கோல்டு ஃபிஷ் எல்லாம் நன்றாகவே இருக்கின்றன. இப்போது கடல் மீன் வளர்க்க ஆசை. மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் ஒரு தொட்டியும் வாங்கிவிட்டேன். சென்னையில் ஒரு கடையில் கேட்டதற்கு இப்படிப் பட்டியல் தந்தார்கள்: நீமோ இரண்டு, அதற்கு ஒரு அனிமோன் (பூப்போல இருக்கும் கடல் உயிர்), டோரி ஒன்று, பட்டாம்பூச்சி மீன் இரண்டு, லயன் ஃபிஷ் ஒன்று. தொட்டியைப் பழக்குவதற்கு முதலில் டொமினோ டாம்சல் மூன்று. கேட்டால் கடல் குதிரையும் ஏற்பாடு செய்வார்களாம். ஆறாவது படிக்கும் என் மகளுக்கு, கார்ட்டூன் படத்தில் பார்த்த நீமோவும் டோரியும் இருந்தே ஆகவேண்டும். இந்தப் பட்டியல் சரியா? வேளாங்கண்ணி போகும்போது கேனில் கடல் தண்ணீர் பிடித்து வரலாமா? ராமேஸ்வரத்தில் இருக்கும் உறவினர் ஒருவர் பாறை கொண்டுவந்து தருவதாகச் சொல்கிறார், வாங்கிக்கொள்ளலாமா?

— வாசகர், திருச்சி

பதில்: வணக்கம். நேராகப் பட்டியலுக்கே வந்துவிடுகிறேன். அதில் தேறுவது நீமோ இரண்டு மட்டும்தான். மற்ற எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள். மகளிடம் டோரி இல்லை என்று எப்படிச் சொல்வது என்ற கவலை வேண்டாம், அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறேன்.

கடல் தொட்டி அமைத்துத் தருவதும் பராமரிப்பதும் என் தொழில். நன்னீரிலிருந்து இந்தப் பக்கம் வருபவர்கள் பெரும்பாலும் உப்பு அளவுக்கும் நோய்க்கும்தான் பயப்படுவார்கள். இரண்டும் கவனிக்க வேண்டியவைதான். ஆனால் அவர்கள் நினைத்தே பார்க்காத ஒன்று பட்டினி. தொட்டியில் தீனி மிதந்துகொண்டிருக்கும்போதே கடல் மீன் பட்டினியால் சாகும். உங்கள் கப்பியும் ஏஞ்சலும் சென்னை கொளத்தூர்ப் பக்கம் ஏதாவது ஒரு சிமென்ட் தொட்டியில் பிறந்திருக்கும்; குஞ்சிலிருந்தே மனிதர்கள் போடும் தீனியைத் தின்று வளர்ந்தவை. கடைகளில் விற்கும் கடல் மீன்களில் மிகப் பெரும்பாலானவை அப்படி இல்லை. கடலில் பிடித்தவை. சில வாரங்களுக்கு முன்பு இந்தோனேசியாவிலோ இலங்கையிலோ நம் மன்னார் வளைகுடாவிலோ பாறை இடுக்கில் மேய்ந்துகொண்டிருந்தவை. உருண்டைத் தீனி சாப்பிடும் பொருள் என்பதே அவற்றுக்குத் தெரியாது. சில வகைகள் இரண்டு மூன்று நாளில் கற்றுக்கொள்ளும். சில வகைகள் கடைசிவரை கற்றுக்கொள்ளாது.

ஆகவே எந்த மீனைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டியது, இது என்ன தின்னும், அதைக் கடையிலேயே தின்கிறதா என்பது. அடுத்தது, முழுதாக வளர்ந்தால் எவ்வளவு பெரிதாகும். மூன்றாவது, யாரோடு சண்டை போடும். நிறமும் விலையும் அதற்கப்புறம்தான்.

இந்தக் கேள்விகளைப் பட்டாம்பூச்சி மீனிடம் கேட்டுப் பாருங்கள். நம் கடலில் நிறைய இருக்கிறது, அதனால் விலையும் மலிவு. மஞ்சளும் வெள்ளையும் கறுப்புமாகப் பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் இவற்றில் பல வகைகள் பவளப்பாறையில் உள்ள பாலிப்புகளை, அதாவது பவளத்தின் உயிருள்ள சின்னஞ்சிறு உடல்களை, கொத்தித் தின்று வாழ்பவை. அந்தச் சின்ன வாய் அதற்கென்றே அமைந்தது. உங்கள் தொட்டியில் பவளம் கிடையாது, இருக்கவும் கூடாது. மீன் இறாலை வாயில் எடுத்துத் துப்பும். நாலு நாள் கழித்து எடுக்கவே எடுக்காது. வயிறு ஒட்டிப்போய், தலைக்குப் பின்னால் முதுகுச் சதை வற்றி, மூன்று நாலு வாரத்தில் முடிந்துவிடும். தண்ணீரைச் சோதித்தால் எல்லா அளவும் சரியாக இருக்கும். வளர்த்தவருக்கு ஒன்றும் புரியாது. இதே கதைதான் மாண்டரின் மீனுக்கும். அது பாறையில் ஊரும் கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு ஓட்டுயிர்களை நாள் முழுக்கப் பொறுக்கித் தின்னும். புதுத் தொட்டியில் அவை இருக்காது. க்ளீனர் ராஸ் என்று நீலக்கோடு போட்ட ஒல்லி மீன் ஒன்றையும் உங்களுக்குக் காட்டுவார்கள், 'மற்ற மீன்களைச் சுத்தம் செய்யும் சார்' என்பார்கள். உண்மைதான், அது மற்ற மீன்களின் உடலில் உள்ள ஒட்டுண்ணிகளைத் தின்றுதான் வயிற்றைக் கழுவுகிறது. ஐந்து மீன் உள்ள தொட்டியில் அதற்கு ஒருவேளைச் சாப்பாடுகூடத் தேறாது.

டோரிக்கு, அதாவது ப்ளூ டேங் என்ற நீல மீனுக்கு, பட்டினிப் பிரச்சினை இல்லை. கடற்பாசித் தாளைக் கிளிப்பில் மாட்டினால் கிழித்துத் தின்னும். அதன் பிரச்சினை அளவு. கடையில் பார்ப்பது கட்டைவிரல் நீளக் குட்டி. வளர்ந்தால் 25 முதல் 30 சென்டிமீட்டர். கடலில் பரந்த இடத்தில் விரைந்து நீந்தித் திரியும் மீன்; ஆறடித் தொட்டியே அதற்கு ஆரம்பம்தான். மூன்றடியில் விட்டால் முன்னும் பின்னும் அலைந்து மிரளும், மிரண்டால் வெள்ளைப்புள்ளி நோய் அதற்குத்தான் முதலில் வரும். வால் அடியில் இரண்டு பக்கமும் கத்தி போன்ற முள் வேறு இருக்கிறது. வலையில் பிடிக்கும்போது வலையோடு சேர்த்து உங்கள் கையையும் கிழிக்கும். 2016இல் ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் இந்த மீனைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்த்துக் காட்டினார்கள். இருந்தாலும் நம் ஊர்க் கடைக்கு வருபவை கடலில் பிடித்தவைதான் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மகளுக்கான வழி இதோ: எல்லோ டெயில் டாம்சல். உடம்பு முழுக்க அழுத்தமான நீலம், வால் மட்டும் பளிச்சென்ற மஞ்சள். டோரியின் நிறங்கள் இரண்டும் இருக்கின்றன, ஆனால் வளர்ந்தாலே ஏழு சென்டிமீட்டர்தான். எதையும் தின்னும், எளிதில் நோயில் விழாது. ஒன்றே ஒன்று போதும். வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. கடைகளில் 'ப்ளூ டாம்சல்' என்ற ஒரே பெயரில் இரண்டு மூன்று வகை விற்கிறார்கள். வாலும் நீலமாகவே இருப்பது, வால் ஆரஞ்சாக இருப்பது, இரண்டுமே ப்ளூ டெவில் என்ற வேறு வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். பெயருக்கேற்ற குணம், மூன்றடித் தொட்டியைத் தன் பெயருக்கு எழுதி வாங்கிக்கொள்ளும். வால் மட்டும் மஞ்சளாக, உடம்பின் நீலம் வாலடியில் சட்டென்று நின்றுபோவதுதான் உங்களுக்கு வேண்டியது.

டொமினோவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த ஆலோசனை இன்னும் பல கடைகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. புதுத் தொட்டியில் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா வளர 4 முதல் 6 வாரம் ஆகும். இது உங்களுக்கு நன்னீரிலேயே தெரிந்ததுதான். அந்த நாட்களில் தாக்குப்பிடிக்கும் முரட்டு மீனைப் போட்டுத் தொட்டியைப் பழக்கு என்பது பழைய முறை. கடல் தொட்டியில் இது நன்னீரைவிடக் கொடுமை. கடல்நீரின் பிஎச் 8.2 அளவில் இருப்பதால், அதே அளவு அம்மோனியா நன்னீரைவிடப் பல மடங்கு நச்சாகிறது. டொமினோ சாகாமல் இருக்கலாம், ஆனால் அதன் செவுள் வெந்துபோகும். சரி, பிழைத்தே விட்டது என்று வையுங்கள், தலைவலி அப்போதுதான் தொடங்கும். கறுப்பு உடலில் மூன்று வெள்ளைப் புள்ளியோடு இரண்டு சென்டிமீட்டரில் வந்த குட்டி 14 சென்டிமீட்டர் வரை போகும். புள்ளி மங்கிவிடும், குணம் மங்காது. ஒரு மாதம் முன்னால் வந்தவன் என்ற உரிமையில், பிறகு வரும் உங்கள் நீமோவை ஒரு மூலையிலிருந்து வெளியே வரவிடாது. அதைப் பிடித்துக் கடையில் திருப்பித் தரலாம் என்று பார்த்தால் பாறை முழுவதையும் வெளியே எடுக்காமல் கையில் சிக்காது. நான் சேவைக்குப் போகும் வீடுகளில் பாறையைக் கலைக்க வேண்டிவந்தது பெரும்பாலும் இந்த மாதிரி ஒரு டாம்சலைப் பிடிப்பதற்காகத்தான்.

பழக்குவதற்கு மீனே வேண்டாம். தொட்டியில் பாறை, மணல், உப்புநீர் தயாரானதும் தோலுரித்த பச்சை இறால் ஒன்றை ஒரு துணிப்பையில் கட்டிப் போடுங்கள். அது அழுகி அம்மோனியா கொடுக்கும், பாக்டீரியா அதைத் தின்று பெருகும். நாற்றத்துக்கு வீட்டில் திட்டு விழலாம், பையை எடுத்துவிட்டால் சரியாகிவிடும். வாரம் ஒருமுறை சோதனைக் கிட்டில் பாருங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறி இறங்கி, இரண்டும் பூஜ்யத்தில் ஒரு வாரம் நின்ற பிறகுதான் முதல் மீன்.

லயன் ஃபிஷ், கடல் குதிரை இரண்டையும் ஒரு வரியில் முடித்துவிடலாம். லயன் தன் வாயில் நுழையும் எதையும் விழுங்கும், நீமோ தாராளமாக நுழையும். முதுகு முள்ளில் விஷம் இருப்பதால் பள்ளிக்குப் போகும் பிள்ளை கையை உள்ளே விடும் தொட்டியில் அதற்கு இடமே இல்லை. கடல் குதிரையை வாங்குவதும் விற்பதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் குற்றம். 'ஏற்பாடு செய்கிறேன்' என்று சொன்னாரே, அந்தச் சொல்லை வைத்தே மற்ற விஷயங்களிலும் கொஞ்சம் உஷாராக இருங்கள்.

இனி நீமோ. கடையில் க்ளவுன் என்று கேளுங்கள், அதிலும் ஆசெல்லாரிஸ் அல்லது பெர்குலா என்று கேளுங்கள். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், இரண்டுமே சாது. க்ளவுன் எல்லாமே சாது என்று நினைத்துவிடாதீர்கள். மெரூன் க்ளவுன், டொமாட்டோ க்ளவுன் இரண்டும் உங்கள் விரலையே கடிக்க வரும். நம் மன்னார் வளைகுடாவில் இயற்கையாக வாழும் சேபே க்ளவுன் நல்ல உறுதியான மீன், ஆனால் 15 சென்டிமீட்டர் வரை வளரும். அதை ஜோடியாக வைத்தால் மூன்றடித் தொட்டியில் வேறு மீன் வைப்பது கஷ்டம்.

புதியவருக்கு நான் க்ளவுனைச் சொல்வதற்குப் படத்தில் வந்த புகழ் காரணம் இல்லை. பண்ணையில் குஞ்சு பொரித்துக் கிடைக்கும் கடல் மீன்களில் இதுதான் எளிதாகக் கிடைப்பது. தமிழ்நாட்டிலேயே மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையத்திலும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்திலும் க்ளவுன் மீனைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்த்திருக்கிறார்கள். பண்ணையில் பிறந்தது உங்கள் கப்பி மாதிரியே உருண்டைத் தீனியில் வளர்ந்தது. கொண்டுவந்த மறுநாளே தின்னும். நீங்கள் சில தவறுகள் செய்தாலும் பொறுத்துக்கொள்ளும். அடையாளம் கண்டுபிடிப்பதும் கடினமில்லை: ஒரே தொட்டியில் எல்லாம் ஒரே அளவில் சின்னதாக இருக்கும், கண்ணாடிப் பக்கம் ஆள் வந்தால் ஒளியாமல் முன்னால் ஓடிவரும், சிலவற்றுக்கு வெள்ளைப் பட்டை கோணல்மாணலாகவோ பாதியிலோ நிற்கும்.

இரண்டு வாங்கும்போது ஒன்று கொஞ்சம் பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் எடுங்கள். க்ளவுனில் ஆண் பெண் என்று பிறப்பிலேயே முடிவாவதில்லை. கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும், அடுத்தது ஆணாக இருக்கும், பெண் செத்தால் அந்த ஆண் பெண்ணாகிவிடும். சம அளவில் இரண்டைப் போட்டால் யார் பெரியவர் என்பது முடிவாகும்வரை சண்டை. அளவு வித்தியாசம் இருந்தால் அந்தக் கேள்விக்கு முதல் நாளே பதில் கிடைத்துவிடும். சின்னது உடம்பை நடுக்கிக் காட்டிப் பணிந்துவிடும். மகள் அதைப் பார்த்து வலிப்பு வந்துவிட்டதென்று பயப்படக்கூடும், சொல்லி வையுங்கள். மூன்றாவது க்ளவுன் வேண்டாம், ஜோடி சேர்ந்தபின் அதை விரட்டியே கொன்றுவிடும்.

அனிமோன் தேவையில்லை. கடலில் க்ளவுன் அதை நம்பி வாழ்வது தன்னைத் தின்ன வருபவர்களிடமிருந்து தப்ப. உங்கள் தொட்டியில் தின்ன ஆள் இல்லை. அனிமோனுக்குப் பலமான விளக்கும், பல மாதம் நிலைபெற்ற தண்ணீரும் வேண்டும். புதுத் தொட்டியில் இடம் பிடிக்காமல் நகர்ந்துகொண்டே போய் பம்பில் மாட்டி அரைபடும். அரைபட்ட ஒரு அனிமோன் ஒரே இரவில் தொட்டித் தண்ணீர் முழுவதையும் கெடுத்துவிடும்.

க்ளவுன் ஜோடி, எல்லோ டெயில் ஒன்று. மிச்ச இடத்துக்கு யார்? பஜாமா கார்டினல் இரண்டை நான் சொல்வேன். வட்டமான உடம்பு, சிவந்த கண், நடுவில் கறுப்புப் பட்டை, பின்பாதியில் புள்ளிகள். அசையாமல் மிதந்துகொண்டே இருக்கும், யாரோடும் வம்புக்குப் போகாது. பாங்காய் கார்டினல் அதைவிட அழகு. ஆண் மீன் முட்டைகளை வாயில் வைத்து அடைகாக்கும். ஆனால் அது இந்தோனேசியாவில் பாங்காய் தீவுகளைச் சுற்றி மட்டுமே இயற்கையாக வாழும் மீன். மீன் தொட்டி வியாபாரத்துக்காகப் பிடித்துப் பிடித்தே அழியும் ஆபத்துப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. பண்ணையில் பிறந்தது என்று உறுதியானால் வாங்கலாம், இல்லாவிட்டால் பஜாமாவே போதும்.

மணலில் ஒரு வாட்ச்மேன் கோபி. மஞ்சளாக, தவளை முகத்தோடு, குழி வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும். பிஸ்டல் இறால் ஒன்றும் கிடைத்தால் சேர்த்து விடுங்கள். இறாலுக்குப் பார்வை மந்தம், அது குழி தோண்டும். கோபி வாசலில் காவல் இருக்கும். இறால் ஒரு மீசையைக் கோபியின் மேல் வைத்தபடியே மண்ணை அள்ளிக் கொட்டும். கோபி உடம்பை அசைத்தால் இரண்டும் உள்ளே. என்னைக் கேட்டால் மூன்றடித் தொட்டியில் டோரியைவிட நூறு மடங்கு பார்க்கத்தக்கது இதுதான்.

ஃபயர் ஃபிஷ் என்று முன்பாதி வெள்ளையும் பின்பாதி சிவப்புமான மீன் ஒன்றும் நல்ல தேர்வு, ஆனால் பயந்தால் துள்ளும், காலையில் தரையில் காய்ந்து கிடக்கும். அதை வைத்தாலும் வைக்காவிட்டாலும் தொட்டிக்குக் கொசுவலை கட்டிய சட்டத்தை மூடியாகப் போடுங்கள். கண்ணாடி மூடி வேண்டாம், சூடு உள்ளேயே தங்கும். ராயல் கிராமா பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அருமையான மீன்தான், ஆனால் கரீபியன் கடலிலிருந்து வர வேண்டியது. விலையும் அப்படி, பயணக் களைப்பும் அப்படி. இப்போதைக்கு விடுங்கள்.

மொத்தம் ஆறு மீன். 'மூன்றடித் தொட்டிக்கு ஆறுதானா?' என்று கேட்பீர்கள், நன்னீரில் இதே தொட்டியில் முப்பது வைத்திருப்பீர்கள். உங்கள் தொட்டி அளவுப்படி 190 லிட்டர். மேலே விடும் இடம், மணல், பாறை போகத் தண்ணீர் 150 லிட்டர்தான் நிற்கும். ஒரே வெப்பத்தில் கடல்நீரில் கரையும் ஆக்சிஜன் நன்னீரைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. வெப்பம் ஏற ஏற இன்னும் குறையும். இந்த மீன்களுக்கு 25, 26 டிகிரி சுகம். திருச்சி மே மாதத்தில் ஏசி இல்லாத அறையில் தண்ணீர் 32 டிகிரியைத் தொடும். தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் வாங்க வசதியிருந்தால் வாங்குங்கள். இல்லாவிட்டால் தண்ணீர்ப் பரப்பின்மேல் சாய்வாக ஒரு சின்ன மின்விசிறி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும், அதற்கு ஈடாகத் தினமும் தண்ணீர் ஆவியாகும். உப்பு ஆவியாவதில்லை, ஆகவே குறைந்த அளவுக்கு உப்பில்லாத நல்ல தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள், உப்புநீரை ஊற்றினால் நாளுக்கு நாள் உப்பு ஏறிக்கொண்டே போகும். மின்வெட்டுக்கு பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும். ஆறு மீனுக்கு இரண்டு மணி நேர மின்வெட்டைச் சமாளிக்கலாம். பன்னிரண்டுக்கு முடியாது.

தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். வேளாங்கண்ணிக் கடல்நீர் வேண்டாம். கரையோர நீரில் என்ன கலந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது, அலையில் மணலும் சேறும் இருக்கும், ஐப்பசி கார்த்திகை மழையில் ஆற்று நீர் கலந்து உப்பு அளவும் இறங்கிவிடும். நீங்கள் மாதம் இரண்டு முறை தண்ணீர் மாற்ற வேண்டும், அதற்கெல்லாம் மாதாவைப் பார்க்கப் போக முடியுமா? கடல் தொட்டிக்கென்று விற்கும் உப்பை வாங்குங்கள். லிட்டருக்குச் சுமார் 35 கிராம். கல்லுப்பு கரைத்தால் ஆகாதா என்று பலர் கேட்கிறார்கள். ஆகாது. உப்பளத்தில் உப்பாக எடுப்பது பெரும்பாலும் சோடியம் குளோரைடு மட்டும்தான். மக்னீசியமும் பொட்டாசியமும் கசப்பு நீரோடு பின்தங்கிவிடும். கல்லுப்பில் கடலின் பாதி விஷயம் இல்லை. காவிரித் தண்ணீரையும் நேராகப் பயன்படுத்த வேண்டாம், குளோரின் இருக்கும், அது போனாலும் கரைந்துள்ள மற்றவை பாசிக்குத் தீனியாகும். ஆர்.ஓ. தண்ணீர் வேண்டும். வீட்டு ஆர்.ஓ.வில் குடிக்கச் சுவை வேண்டும் என்று டி.டி.எஸ்.ஸை, அதாவது கரைந்த உப்புகளின் அளவை, மறுபடி ஏற்றிக் கொடுப்பார்கள். மெக்கானிக்கிடம் சொல்லி அதற்கு முன்னாலேயே ஒரு குழாய் பிரித்து வாங்கிக்கொள்ளுங்கள்.

ராமேஸ்வரத்துப் பாறையை உறவினரிடம் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். அவர் பாறை என்று சொல்வது பவளம். செத்த பவளமாக இருந்தாலும் சட்டம் அதைப் பவளமாகத்தான் பார்க்கும், வழியில் சோதனையில் சிக்கினால் உங்கள் இருவருக்கும் வழக்கு. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். மன்னார் வளைகுடாவில் இருந்த 21 தீவுகளில் தூத்துக்குடிப் பக்கத்து விலாங்குச்சல்லி, கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டி இரண்டும் தண்ணீருக்குள் போய்விட்டன. சுண்ணாம்புக்காகப் பல காலம் பவளத்தை வெட்டி எடுத்ததற்கு அதில் பெரிய பங்குண்டு. மீன் தொட்டிக்கென்றே செய்து விற்கும் செயற்கைப் பாறை இப்போது நன்றாகக் கிடைக்கிறது. நுண்துளைகள் இருந்தால் போதும், பாக்டீரியாவுக்கு இயற்கை செயற்கை வித்தியாசம் தெரியாது.

எதை எப்போது விடுவது? பொது விதி, சாதுவை முதலில், முரடைக் கடைசியில். அதன்படி கார்டினலும் கோபியும் முன்னால் போக வேண்டும். ஆனால் ஆறு வாரம் வெறும் பாறையைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளையிடம் இன்னும் நீமோ இல்லை என்று சொல்ல எனக்கே மனம் வராது. பண்ணையில் பிறந்த சின்ன ஆசெல்லாரிஸ் முதல் சில மாதம் யாரையும் தொந்தரவு செய்யாது, அதனால் அதையே முதலில் விடலாம். ஒரு மாதம் கழித்துக் கார்டினல் இரண்டு. அடுத்த மாதம் கோபி. எல்லோ டெயில் கடைசி. அது சின்னதானாலும் டாம்சல்தான், முதலில் விட்டால் பட்டா போட்டுக்கொள்ளும்.

நடுவில் ஒவ்வொரு மாத இடைவெளி சும்மா இல்லை. ஒவ்வொரு புதுவரவும் நான்கு வாரம் தனியாக இருக்க வேண்டும். அதற்குத் தனித் தொட்டிகூட வேண்டாம். 40 லிட்டர் பிளாஸ்டிக் டப், ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒளிந்துகொள்ள ஒரு பிவிசி எல்போ போதும். ஸ்பாஞ்சை முன்கூட்டியே பெரிய தொட்டியில் ஊறவிட்டுப் பாக்டீரியா ஏற்றிக்கொள்ளுங்கள். வெள்ளைப்புள்ளியோ, உடம்பில் பொன்தூள் தூவினாற்போல் வரும் வெல்வெட் நோயோ இருந்தால் இந்த டப்பில் தெரிந்துவிடும், மருந்தும் இங்கேயே போடலாம். இந்த நோய்களுக்குத் தாமிர மருந்துதான் வழக்கம். அது பெரிய தொட்டிக்குள் போகக்கூடாது, பாறையில் ஏறிக்கொண்டு பின்னால் நீங்கள் விடும் இறாலையும் நத்தையையும் கொல்லும். நோய் ஒருமுறை பெரிய தொட்டிக்குள் நுழைந்துவிட்டால், எல்லா மீனையும் வெளியே எடுத்து இரண்டு மாதத்துக்கு மேல் தொட்டியைக் காலியாகப் போட வேண்டிவரும்.

கடையில் நின்று பத்து நிமிடம் பாருங்கள், அவசரமே வேண்டாம். செவுள் வேகமாக அடிக்கும் மீன், மேல்பரப்பிலேயே நிற்கும் மீன், வயிறு உள்வாங்கிய மீன், கண் மங்கிய மீன் வேண்டாம். பிடித்ததைக் காட்டி, 'இதுக்குக் கொஞ்சம் தீனி போடுங்கண்ணே' என்று கேளுங்கள். நல்ல கடைக்காரர் சந்தோஷமாகப் போடுவார். தின்னாத மீனை என்ன விலை குறைத்தாலும் வாங்காதீர்கள். பெட்டி இறங்கி எத்தனை நாள் ஆயிற்று என்றும் கேளுங்கள். நேற்று வந்ததென்றால் முன்பணம் கொடுத்து, இரண்டு வாரம் அங்கேயே வைத்திருக்கச் சொல்லிவிட்டு வாருங்கள். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா பக்கம் சயனைடு தெளித்து மயக்கிப் பிடிக்கும் பழக்கம் முழுதாக ஒழியவில்லை. அப்படிப் பிடித்த மீன் நன்றாக நீந்திக்கொண்டே இருந்து சில நாளிலோ வாரங்களிலோ செத்துவிழும். அந்த இழப்பு கடையிலேயே நடந்து முடியட்டும்.

கடையில் தொட்டி நீரின் உப்பு அளவை ரிஃப்ராக்டோமீட்டர் என்ற உப்பு அளக்கும் கருவியில் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். பல கடைகளில் ஒட்டுண்ணி குறையவும் உப்புச் செலவு மிச்சமாகவும் 1.018, 1.020 அடர்த்தி அளவில்தான் வைத்திருப்பார்கள். கடல் அளவு 1.025. உப்புக் குறைந்த நீருக்குப் போவதை மீன் ஓரளவு தாங்கும். திடீரென்று உப்புக் கூடிய நீருக்குப் போனால் தாங்காது. ஆகவே வீட்டு டப்பில் முதல் நாளே கடை அளவுக்கு உப்புநீர் கலக்கி வையுங்கள், பிறகு ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக 1.025க்கு ஏற்றலாம்.

சென்னையிலிருந்து திருச்சிக்கு ஆறு மணி நேரப் பயணம். ஆக்சிஜன் அடைத்த பையைத் தெர்மோகோல் பெட்டியில் வைத்து இரவு ரயிலில் கொண்டுவாருங்கள். வீட்டுக்கு வந்ததும் பையைப் பிரிக்காமல் 20 நிமிடம் டப்பில் மிதக்கவிடுங்கள், வெப்பம் சமமாகட்டும். இங்கே ஒரு நுணுக்கம். சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் தண்ணீர் கலந்து பழக்க வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். பக்கத்துக் கடையிலிருந்து வரும் மீனுக்கு அது சரி. நீண்ட பயணத்தில் பைக்குள் மீனின் கழிவால் அம்மோனியா சேர்ந்திருக்கும், அதன் மூச்சிலிருந்து வரும் கார்பன் டை ஆக்சைடு பிஎச்சைக் குறைத்து அந்த அம்மோனியாவை அடக்கி வைத்திருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறும், பிஎச் ஏறும், அடங்கியிருந்த அம்மோனியா நஞ்சாகிவிடும். அந்த நீரிலேயே ஒரு மணி நேரம் வைத்திருப்பது மீனுக்குச் செய்யும் துரோகம். உப்பு அளவைத்தான் முன்பே சமமாக்கிவிட்டீர்களே, பையைத் திறந்ததும் மீனை மட்டும் ஒரு சின்ன டப்பாவால் மொண்டு டப்பில் விட்டுவிடுங்கள். பை நீர் சாக்கடைக்குப் போகட்டும்.

அன்று விளக்கு வேண்டாம், தீனியும் வேண்டாம். மறுநாள் காலை நாலைந்து உருண்டை போட்டுப் பாருங்கள். நல்ல பண்ணை க்ளவுன் என்றால் அதிலேயே தின்னும். பிறகு நாளுக்கு இரண்டு வேளை, ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. வாரத்தில் இரண்டு நாள் உருண்டைக்குப் பதில் உறைந்த மைசிஸ் இறாலோ, பொடியாக நறுக்கிய பச்சை இறாலோ. ஊட்டும் வேலையை மகளிடமே கொடுங்கள், ஆனால் தீனி டப்பாவை நீங்கள் வைத்துக்கொண்டு அன்றன்றைக்கு அளந்து கொடுங்கள்.